பயிற்சியில் கொடுத்த சமோசா

நம் பள்ளிக்கூடத்தில் பாதியாக இருந்த சரோஜா அக்காவுக்கு,

நேற்று தருமபுரியில் ஆசிரியர் பயிற்சி. இடைவேளையில் டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். டீயைக் குடித்துவிட்டு, சமோசாவைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். காரிமங்கலம் பஸ்ஸில் தண்ணீர் பாட்டிலைத் தேடும்போது அது கையில் தட்டுப்பட்டது. யாருக்காக எடுத்தேன்? நீங்கள் ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். இப்போது தை.

நம் பள்ளியில் டீச்சர்கள் நாம் இரண்டே பேர். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். போனவர் மறுநாள் மாலை, ஆறிப்போன சமோசாவோடு, அங்கே கேட்டதையெல்லாம் இருந்தவருக்கு நடத்த வேண்டும். நீங்கள் போட்ட சட்டம் அது. மூன்றாம் வகுப்பு பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்துகொண்டு, "புரியற மாதிரி சொல்லும்மா. இல்லீன்னா எந்திரிச்சிப் போயிடுவேன்" என்பீர்கள். பயிற்சியில் நான் தூங்கி வழிந்ததெல்லாம் அங்கேதான் அம்பலமாகும்.

ஒரு சேதி அக்கா. வேலையில் இருக்கிறவர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை என்று தீர்ப்பு வந்துவிட்டது. சீக்கிரம் ஓய்வு பெறப் போகிறவர்களுக்குத்தான் விலக்கு; எனக்கு இன்னும் பல வருடம் இருக்கிறதே! எழுதினேன். தேறவில்லை.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. "இத்தினி வருசமா பாடம் நடத்தறவளுக்கு இதெல்லாம் ஒரு பரீச்சையா?" என்று சிரித்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? உங்கள் இடத்துக்கு மாற்றுப்பணியில் யார் யாரோ வருகிறார்கள். பெயர் பழகுவதற்குள் வேறு ஆள். மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள், பாவம். பேச ஆளில்லை அக்கா.

தேர்வுக்கான குழந்தை உளவியல் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து தெரிகிறது, மண்டையில் ஏறவில்லை. யாருக்காவது நடத்தினால்தான் எனக்கு ஏறும். அது தெரிந்துதான் அந்தச் சட்டத்தைப் போட்டீர்களா? நான் கேட்காமலே விட்டுவிட்டேன்.

மறுபடி எழுத வாய்ப்பு இருக்கிறது. இன்று மாலை பிள்ளைகள் போனதும் சமோசாவை உங்கள் பெஞ்சில் வைத்துவிட்டு, கரும்பலகை முன்னால் நின்று முதல் பாடத்தை வாய்விட்டு நடத்தினேன். நீங்கள் "புரியலயே" என்று குறுக்கிடக்கூடிய இடங்களில் நிறுத்தி, மறுபடி சொன்னேன்.

தேறும்வரை தினமும் நடத்துவேன். புரியாவிட்டாலும் எழுந்து போய்விடாதீர்கள் அக்கா.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
வளர்மதி