ஏனுங்க என்றால் வந்த நாய்

அக்கா,

ஐப்பசி மழை நாலு நாளாக விடவில்லை. துணிமணியெல்லாம் பூத்துப் போகுமே என்று என் மனைவி இன்று உன் தகரப் பெட்டியைத் திறந்தாள். உன் கருமாதிக்குப் பிறகு அதை யாரும் தொட்டதில்லை. அடியில் மடித்துக் கிடந்த கம்பளியை எடுத்து அவள் ஒரு உதறு உதறினாள். கூடம் முழுக்க அந்த வாசனை வந்து நின்றது. பாதி ஆட்டுமயிர் வாசனை, பாதி நனைந்த நாயின் வாசனை. நான் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவன், தடவின கையோடு இருந்துவிட்டேன்.

"ஏனுங்க, இதுல நாய் வீச்சமடிக்குதுங்களே. நம்மூட்டுல நாய் இருந்துச்சுங்களா?"

நான் திரும்பவில்லை. மில்லில் இத்தனை வருஷம் நூல் நூற்கும் பிரிவில் மேஸ்திரி வேலை பார்த்ததில் எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். நானும் ஆமாம் என்று விட்டுவிட்டேன். காதில் ஒரு கோளாறும் இல்லை என்பது உனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

உனக்கு எழுத்துத் தெரியாது. உயிரோடு இருந்தபோதே நான் எழுதியதை நீ படித்திருக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். இதைக்கூட நேரில் சொல்லத் துப்பில்லாத தம்பி நான்.

அந்தக் கம்பளி மச்சானுடையது. மேட்டூர் அணை கட்டி முடியாத வருஷம். ஆடியில் காவிரி கட்டுக்கடங்காமல் வந்தது. மாடு கழுவப் போன மச்சான் கம்பளியையும் தடியையும் கரையில் வைத்துவிட்டு இறங்கினார். மாடு கரையேறிவிட்டது, அவர் ஏறவில்லை. தந்தி கண்டு நான் உன் புகுந்த ஊர் கொடுமுடிக்கு வந்து சேரும்போது இரண்டாம் நாள் ஆகியிருந்தது. ஆண்கள் அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு கரையோரமாக ஓடினார்கள். நீ புருஷன் பெயரைச் சொல்லக்கூடாதவள். கட்டின நாள் முதல் நீ அவரைக் கூப்பிட்டதெல்லாம் ஒரே சொல்தான். அங்கேயும் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டாய்.

"ஏனுங்க... ஏனுங்க..."

நம் சீமையில் அந்தச் சொல்லுக்கு யார்தான் சொந்தக்காரர் இல்லை? கடைக்காரரும் ஏனுங்கதான், வண்டிக்காரரும் ஏனுங்கதான், வழியில் எதிர்ப்படும் முகந்தெரியாத ஆளும் ஏனுங்கதான். நீ கூப்பிட்ட ஒவ்வொரு தரமும் கரையில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பழக்க தோஷம், நானும் திரும்பினேன். திரும்ப வேண்டியவர் மூன்றாம் நாள் கீழே ஒரு மணல்திட்டில் கிடைத்தார்.

சிங்காநல்லூருக்கு உன்னைக் கூட்டி வந்தோம். அம்மா இல்லாத வீடு. அய்யனும் நானும் மட்டும் இருந்த வீட்டில் நீ வந்து அடுப்பை ஏற்றுக்கொண்டாய், பேச்சை நிறுத்திவிட்டாய். கேட்டதற்குத் தலையசைப்பு, அவ்வளவுதான். அய்யன் கோயில் கோயிலாகக் கூட்டிப் போனார். வேப்பிலை அடித்தார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். நீ எல்லாவற்றுக்கும் குனிந்து கொடுத்தாய். வீட்டுக் கிணற்றில் தண்ணீர் சேந்தும்போதுகூட உள்ளே பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். குளத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அடுத்த வருஷத்துப் புரட்டாசி மழையில் அந்தச் செவலை நாய் வந்தது. ஒரு காது கிழிந்து, விலாவை எண்ணிவிடலாம் போல இருந்தது. கன்றுக்குக் குளிருமென்று மாட்டுக் கொட்டகையில் நீ விரித்திருந்த இந்தக் கம்பளியில் ஏறிப் படுத்துக்கொண்டது. நான் கல்லெடுத்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். ஒரு வருஷத்துக்குப் பிறகு நீ இன்னொரு மனுஷரைத் தொட்டது அப்போதுதான். என்னைத் தொட்டதும் அந்த நாய்க்காகத்தான்.

அதன் காதிலிருந்து உண்ணி எடுப்பாய். உன் தட்டிலிருந்து களியை உருட்டி வைப்பாய். பேச்சு மட்டும் வரவில்லை.

ஒரு சாயங்காலம் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு குளக்கரை மேட்டில் ஏறிவிட்டது. நான் ஒரு பக்கம் ஓட, நீ வேறு வழியில்லாமல் இன்னொரு பக்கம் ஓடி வந்தாய். பின்னாலேயே நாய். கரை தளும்பத் தண்ணீர் நின்றது. நீர்க்கோழி ஒன்று படபடத்ததைக் கண்டு நாய் பாய்ந்து உள்ளே விழுந்துவிட்டது. நடுத்தண்ணிக்குப் போய்க்கொண்டே இருந்தது, தலை மட்டும் தெரிந்தது. நான் உன்னைப் பார்த்தேன். உன் வாய் திறந்தது. பதினாலு மாதமாக உள்ளே கிடந்தது அந்த ஒரே சொல்தான் போலிருக்கிறது, அதுதான் வந்தது.

"ஏனுங்க..."

நாய் தண்ணீருக்குள்ளேயே திரும்பியது. நேராக உன்னிடம் நீந்தி வந்து, காலடியில் நின்று உடம்பை உதறி உன்னை நனைத்தது. நீ சேற்றில் உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாய். மச்சானைத் தூக்கிப் போனபோதுகூட நீ அப்படி அழவில்லை. அழுது முடித்து என்னைப் பார்த்துச் சொன்னாய்:

"கூப்ட்டா வருது தம்பி."

அன்றிலிருந்து அதற்கு அதுவே பெயர். நீ பேச ஆரம்பித்தாய், முதலில் அதனிடம்தான். சேற்றுக் காலோடு உள்ளே வரலாமுங்களா என்பாய். கோழியைத் துரத்தறது உங்களுக்கு அழகுங்களா என்பாய். வரமிளகாய் தாளிக்கும்போது அது தும்மினால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். பிறகு அய்யனிடம் இரண்டு வார்த்தை, என்னிடம் நாலு வார்த்தை என்று ஊற ஆரம்பித்தது. காட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருக்கும் அய்யன் உன் குரல் கேட்டால் மாட்டை நிறுத்திவிட்டு நிற்பார். மந்திரித்த கயிறு செய்யாததை ஒரு தெருநாய் செய்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

மாசியில் மேட்டுப்பாளையத்திலிருந்து பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பாக்கு மண்டிக் குடும்பம். எனக்கு அந்தச் சம்பந்தம் வேண்டியிருந்தது, வெட்கமில்லாமல் வேண்டியிருந்தது. நல்ல காரியத்தில் முன்னால் வரக்கூடாது என்று நீ பின்கட்டிலேயே இருந்துகொண்டாய். அப்படி இருக்கச் சொல்லி உன்னிடம் யாரும் சொல்லவில்லை, இருக்க வேண்டாம் என்றும் நாங்கள் சொல்லவில்லை. பந்தி நடந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து உன் குரல் கணீரென்று வந்தது.

"ஏனுங்க, சோறு ஆறுதுங்க, வாங்க."

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்த பெண் புருஷனை இழந்தவள் என்று சொல்லியிருந்தோமே, பின்கட்டில் யாரை அழைக்கிறாள்? அந்த நேரம் பார்த்து நாய் பந்திக்கு நடுவே புகுந்து, வாலை ஆட்டிக்கொண்டு, ராஜா மாதிரி பின்னால் போயிற்று. பெண்ணின் மாமா இலையிலிருந்து தலை தூக்கினார்.

"நாய்க்கே இத்தன மருவாதைன்னா, மாப்பிள்ளைய என்னன்னு கூப்புடுவாங்களோ" என்றார்.

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இலையை மூடினேன்.

இருபது நாள் அவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அந்த இருபது நாளும் நான் என் மனதுக்குள் கதை கட்டிக்கொண்டிருந்தேன். புத்தி பேதலித்தவள் இருக்கிற வீடு, செத்த புருஷனைக் கூப்பிடுகிற மாதிரி நாயைக் கூப்பிடுகிற வீடு என்று அவர்கள் பேசிக்கொள்வதாக நானே பேசிக்கொண்டேன். நாயை அனுப்பிவிடலாம் என்று அய்யனிடம் சொன்னேன்.

"அவ வாயத் தொறந்ததே அதுனாலதான். யோசிச்சுக்க" என்றார். யோசித்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் எழுந்து காட்டுக்குப் போய்விட்டார்.

நீ பருத்தி எடுக்கப் போயிருந்த நேரம். பருத்திக்கொட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் போகிற வண்டி ஒன்று வாசலில் நின்றது. வண்டிக்காரர் கயிற்றோடு வந்ததும் நாய் மிரண்டு கொட்டகைக்குள் ஓடியது. எத்தனை கூப்பிட்டும் வரவில்லை. பிறகு நான் குனிந்து, உன் குரலில் சொல்லுகிற மாதிரி, "ஏனுங்க, வாங்க" என்றேன். வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டது அக்கா. நானே கழுத்தில் சுருக்கைப் போட்டேன்.

ஓடிப்போய்விட்டது என்று உன்னிடம் சொன்னேன். அதோடு நின்றிருந்தால்கூட நான் பாதி மனிதன். உன்னோடு சேர்ந்து தேடவும் வந்தேன். நாலு நாள் சாயங்காலம் குளக்கரை நெடுக நீ கூப்பிட்டுக்கொண்டே நடந்தாய். மில் விட்டுப் போகிற ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். கொடுமுடிக் கரையில் ஆறு உனக்குச் செய்ததை இங்கே உன் கூடப் பிறந்தவன் செய்து வைத்தான்.

ஐந்தாம் நாள் வண்டிக்காரர் திரும்பி வந்தார். வேடிக்கை சொல்லுகிற மாதிரிதான் சொன்னார்.

"சந்தைக்குள்ள அவுத்து உட்டேனுங்க. அங்க யாரு யாரைக் கூப்ட்டாலும் எந்திரிச்சு ஓடுதுங்க. போயி மொகத்தப் பாக்குது, திரும்பி வருது. ரெண்டு நாளா அதே வேலைங்க. அப்பறம் காணோமுங்க."

சந்தையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் எத்தனை பேரை அந்தச் சொல் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். மறுநாளே பஸ் ஏறிப் போனேன். காய்கறி வண்டிகளுக்கு அடியில், மலை அடிவாரம் வரை தேடினேன். அந்தப் பக்கம் சிறுத்தை இறங்கும், நாய் தங்காது என்றார்கள். நானும் சந்தை நடுவில் நின்று ஏனுங்க என்று கூப்பிட்டுப் பார்த்தேன். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள். மண்டி வாசலில் நின்ற பெண்ணின் மாமா என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தங்கள் வீட்டுப் பெரியவர் படுக்கையில் விழுந்துவிட்டதால்தான் சேதி அனுப்பத் தாமதமென்றும், இந்த வாரமே உறுதி வார்த்தைக்கு வருவதாகவும் சொன்னார். நாயைத் தேடிப் போனவன் கல்யாணத்தை முடிவு செய்துகொண்டு திரும்பினேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பின்கட்டில் நீ அரிசி புடைத்துக்கொண்டிருந்தாய். நான் புது வேட்டியோடு வந்து நின்றேன். நீ முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ என்கூடத் தேடாம இருந்திருக்கலாந்தம்பி" என்றாய். "தேடறவங்க மொகம் எப்படியிருக்கும்னு நான் ஆத்தங்கரையில பாத்திருக்கறேன்."

திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். நீ மறுபடியும் புடைக்க ஆரம்பித்துவிட்டாய்.

அதற்குப் பிறகு நீ ஊமையாகிவிடவில்லை. உப்பு போதுமா, பால் கறந்தாயிற்று என்று வீட்டுக்கு வேண்டிய அளவு பேசினாய். என் மனைவியை அம்மணி அம்மணி என்று நன்றாகத்தான் வைத்துக்கொண்டாய். ஆனால் ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டாய். மோர்க்காரரைக் கூப்பிட வேண்டுமானால் "இந்தாங்க" என்பாய், இல்லாவிட்டால் எழுந்து போய் எதிரில் நிற்பாய். கொங்கு நாட்டில் பிறந்து ஏனுங்க என்று சொல்லாமல் மூன்று வருஷம் ஓட்டினவள் நீ ஒருத்தியாகத்தான் இருக்கும். போன தையில் காய்ச்சல் முற்றி நீ கிடந்தபோது கம்பளியைப் போர்த்தினேன். இரண்டு கையாலும் இழுத்து மூக்கு வரை மூடிக்கொண்டாய். நான் பக்கத்தில் இருந்தேன். நீ யாரையும் கூப்பிடவில்லை.

இன்றைக்கு வருகிறேன். நான் பதில் சொல்லாததால் என் மனைவி கம்பளியோடு என் எதிரில் வந்து நின்றாள். அவளே கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு.

"எங்கம்மா சொன்ன நாயிங்களா இது? உங்க ஊடு பாத்துட்டு வந்த அன்னைக்கு எங்கம்மா வாய் ஓயவே இல்லீங்க. ஒரு நாயையே வாங்க போங்கங்கற ஊட்டுல நம்ம புள்ளைய ஒரு சொல்லு சொல்ல மாட்டாங்கன்னு. அதுக்காவத்தானுங்க என்னையக் குடுத்ததே."

இதை அவள் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் என்ன தப்பு? வீட்டில் நாயே இல்லாதபோது நாயைப் பற்றி அவள் ஏன் பேசப் போகிறாள்? நான் எந்தப் பெண்ணுக்காக அதை அனுப்பினேனோ அந்தப் பெண்ணை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அதுதான்.

"அந்த நாய் என்னுங்க ஆச்சு?" என்று கேட்டாள்.

ஓடிப்போச்சு என்றேன். இத்தனைக்குப் பிறகும் அதையேதான் சொன்னேன் அக்கா.

கம்பளியைத் துவைக்க வேண்டாமென்று வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அடுக்களையிலிருந்து அவள் கூப்பிடுகிறாள். "ஏனுங்க, சோறு ஆறுதுங்க, வாங்க." இது மூன்றாம் தரம். முதல் தரமே கேட்டுவிட்டது. ஒவ்வொரு வேளையும் முதல் தரமே கேட்டுவிடுகிறது. எழுந்திருக்கத்தான் முடிவதில்லை. எனக்கு முன்னால் வேறொன்று எழுந்து போகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.