ஒண்ட்ரேயின் வலக்கையை அகற்ற ஒரு கையெழுத்து

அனுப்புநர்:
மார்த்தா வெசெலா (செக் குடியரசு நாட்டவர்),
பரதநாட்டியக் கலைஞர்,
மலையாண்டி அவர்கள் வீடு, மாடி,
திருவரங்குளம், புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
முகாம் அலுவலகம், புதுக்கோட்டை.

பொருள்: பாம்புக்கடியால் உயிருக்குப் போராடும் மிருதங்கக் கலைஞர் திரு. ஒண்ட்ரே நோவீ – வலக்கையை அகற்றும் அறுவை சிகிச்சை – ஒப்புதல் அளிக்க உறவினர் இல்லாமை – இன்றே உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஞாயிற்றுக்கிழமையன்று தங்கள் வாசலில் வந்து நிற்பதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். நாளைய மனுநாள் வரை காத்திருக்க முடிந்தால் காத்திருந்திருப்பேன்.

1. நானும் திரு. ஒண்ட்ரேயும் செக் நாட்டில் பிறந்தவர்கள். மிருதங்கம் கற்பதற்காக எனக்கு முன்பே இந்த மாவட்டத்துக்கு வந்தவர் அவர். ஊரில் எல்லோரும் 'ஒண்டிராசு' என்றே கூப்பிடுகிறார்கள். அவரும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பார். பல ஆண்டுகளாக அவர் வாசிக்க நான் ஆடி வருகிறேன். கோயில் திருவிழா, கல்லூரி விழா, ஜெகதாப்பட்டினத்து மீன் ஏலக் கொட்டகை என அழைத்த இடமெல்லாம் போயிருக்கிறோம். எங்கள் இருவரின் விசாவும் வெளிநாட்டவர் பதிவும் நடப்பில் உள்ளன.

2. நாங்கள் கணவன் மனைவி அல்லர். ஒரே வீட்டில் அவர் கீழேயும் நான் மாடியிலும் வாடகைக்கு இருக்கிறோம். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. இன்று இதுவே தடையாக நிற்பதால் முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

3. கடந்த வியாழக்கிழமை மாலை, கொல்லையில் விழுந்து கிடந்த தென்னை மட்டையை ஒதுக்கக் குனிந்தபோது கண்ணாடி விரியன் அவரது வலக்கையில் கடித்துவிட்டது. மாடியில் சலங்கை கட்டிக்கொண்டிருந்த நான், அதை அவிழ்க்கவும் தோன்றாமல் ஓடி வந்தேன். வீட்டுக்காரர் மலையாண்டி அவரைத் தம் பைக்கின் நடுவில் உட்காரவைத்து, என்னைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளச் சொல்லி, புதுக்கோட்டை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார். உடனே விஷமுறிவு ஊசி போட்டார்கள். மருத்துவர்கள் மீதோ செவிலியர்கள் மீதோ எனக்கு எந்தக் குறையும் இல்லை.

4. உயிர் தப்பிவிட்டது என்று நினைத்தோம். ஆனால் கை வீங்கி, விரல்கள் கறுத்தன. வெள்ளிக்கிழமை மாலை அறுவை சிகிச்சை மருத்துவர் திருமுருகன், கையை எடுக்க நேரலாம் என்றார். ஒண்ட்ரேக்கு அப்போது முழு நினைவிருந்தது. "கைய மட்டும் எடுத்துறாதீங்க டாக்டர். அப்புறம் நான் யாருங்க?" என்று கேட்டார். அவரது மறுப்பை மருத்துவர் பதிவு செய்துகொண்டார். இதைத் தங்களிடம் மறைக்க நான் விரும்பவில்லை. எனினும் அந்த நேரத்தில் கை போகுமா என்பதே பேச்சாக இருந்தது. உயிர் போகும் என்று அப்போது எவருக்கும் தெரியாது.

5. சனிக்கிழமை விடிவதற்குள் கடும் காய்ச்சல் கண்டு நினைவு தப்பியது. கையில் பிடித்த சீழ் இரத்தத்தில் கலந்துவிட்டது என்றும், சிறுநீரகமும் பழுதடைந்து வருகிறது என்றும், முழங்கைக்குக் கீழே அகற்றினால் பிழைக்க வாய்ப்புண்டு என்றும், தள்ளிப்போட்டால் அதுவும் இல்லை என்றும் மருத்துவர் சொல்கிறார். ஆனால் நோயாளியே மறுத்திருக்கும் நிலையில், இரத்த உறவினரோ மனைவியோ ஒப்புக்கொள்ளாமல் செய்ய இயலாது என்பது நிர்வாகத்தின் நிலை. அவருக்குப் பெற்றோர் இல்லை. அண்ணன் ஒருவர் உண்டு. எங்கிருக்கிறார் என்பது தெரியாது. தூதரகத்தில் தேடுவதாகச் சொன்னார்கள். வார விடுமுறை கழியட்டும் என்றார்கள்.

6. "பொண்டாட்டின்னு எழுதிக் குடுத்துருங்கம்மா. உசுரு போற நேரத்துல யாரு கேக்கப் போறா?" என்றார் மலையாண்டி. நானும் 'மனைவி' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். ஆனால் வியாழனன்று அவரைச் சேர்க்கும்போது 'நண்பர்' என்று எழுதியவளும் நானே. நிர்வாக அலுவலர் கோபப்படவில்லை. "ஒங்க நெலமை புரியுதுங்க. இத வச்சு நாங்க எப்புடிங்க கத்தி வைக்கிறது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பொய் எழுதியது தவறு. அதற்குரிய நடவடிக்கை எதுவாயினும் கட்டுப்படுகிறேன். அறுவை சிகிச்சை முடிந்த பிறகு அதை எடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

7. இன்று காலை, தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஷர்லி என்னை உள்ளே அழைத்தார். "அக்கா, நெனவில்லாமயே ஏதோ முணுமுணுத்துக்கிட்டு இருக்காரு. ஒங்க ஊரு பாஷையான்னு வந்து பாருங்க" என்றார். குனிந்து கேட்டேன். எங்கள் மொழி அன்று, ஜதி சொல்லிக்கொண்டிருந்தார். நான் எத்தனையோ மேடைகளில் ஆடிய ஜதி. கை கட்டிலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. உதட்டில் தாளம் தப்பவில்லை. பாதியில் மூச்சு வாங்கி நின்றபோது, மீதியை நான் அவர் காதில் சொன்னேன். ஷர்லி அழுதுவிட்டார். கை போனால் தாம் யார் என்று மருத்துவரிடம் கேட்டாரே, அவர் யார் என்பது எனக்கு அங்கே சந்தேகமின்றித் தெரிந்தது. எனக்கு ஜதி சொல்ல அவர் வாய் இருக்கிறது. இடக்கையால் தாளம் தட்டலாம். இன்னும் பத்து ஆண்டுகள் நான் ஆடுவேன்.

8. ஐயா, மிருதங்கத்தின் வலப்பக்கத்தில் விழும் அந்த விரல்களை நம்பித்தான் என் கால்கள் இத்தனை காலம் தரையில் இறங்கின. அந்தக் கையை வெட்டச் சொல்லி ஊரில் வேறு யாராவது மனு கொடுத்திருந்தால், எதிர்த்து முதல் மனுவை நானே கொடுத்திருப்பேன். இன்று கேட்பதற்கு என்னைத் தவிர ஆளில்லை.

ஆகவே, அந்த ஒப்புதலில் நான் கையொப்பமிட அனுமதி அளித்தோ, அது விதிப்படி இயலாதெனில் மாவட்ட நிர்வாகத்தின் சார்பில் தாங்களே ஒப்புதல் வழங்கியோ, மருத்துவமனைக்கு இன்றே உத்தரவிடுமாறு மன்றாடுகிறேன். பின்விளைவுகள் அனைத்துக்கும் நானே பொறுப்பு. மருத்துவர் திருமுருகன் அறுவை அரங்கைத் தயாராக வைத்திருக்கிறார். தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் போதும் என்றார்.

கண் விழித்ததும் அவர் என்னை மன்னிக்காமல் போகலாம். யாரைக் கேட்டு எடுத்தாய் என்பார். இனி உன்னோடு மேடையேற மாட்டேன் என்றும் சொல்லலாம். சொல்லட்டும், ஐயா. அதைச் சொல்ல அவர் இருக்க வேண்டும்.

இணைப்பு: இருவரின் கடவுச்சீட்டு நகல்கள், மருத்துவர் அளித்த குறிப்பு.

இடம்: புதுக்கோட்டை
நாள்: 09.03.2025

தங்கள் வாசலிலேயே காத்திருக்கும்,
(ஒப்பம்) மார்த்தா வெசெலா