ஏழுகண் மதகில் திறவாத செயலி

மாரி பொய்யாதிருக்க, மதகு பழுதாகாதிருக்க. கருவாற்று நாடாளும் மன்னர் மழைவளவர் கோலோச்சும் பன்னிரண்டாம் ஆண்டு, ஐப்பசி ஏழாம் நாள், பேரமைச்சர் கோவேள் விடுக்கும் ஓலை. தலைநகர்க் கணிப்பொறிச் சாலையின் தலைவர், நிரல் வகுப்பதில் நிகரற்ற வெண்பூதனார் காண்க. தாங்களும் தங்கள் சாலையும் நலம் பெறுக. அமைச்சருக்கு நலமில்லை, தலைவலி.

ஏழுகண் மதகைக் கணிப்பொறியிலிருந்தே திறக்கவும் அடைக்கவும் தாங்கள் ஜாவா என்னும் நிரல்மொழியில் ஆக்கிய செயலி, மும்முறை அனுப்பியும் மதகுக்காவலர் கொற்றியாரிடம் திறக்கவில்லை. முதன்முறை, அதை இயக்கும் ஜாவா அவர் கணிப்பொறியில் இல்லை. போட்டுக்கொள்ளட்டுமே என்றீர்கள், அவரும் எங்கோ தேடிப் பழைய பதிப்பொன்றைப் போட்டார், ஒத்துவரவில்லை. அடுத்தமுறை ஜாவாவையும் சேர்த்தே கட்டினீர்கள். ஆனால் விண்டோஸ் இயங்குதளம் வைத்திருப்பவருக்கு, லினக்ஸ் என்னும் வேறோர் இயங்குதளத்துக்கான பொதியை அனுப்பினீர்கள். கேட்டபோதெல்லாம், தங்கள் மேசையில் நன்றாகத்தான் ஓடுகிறது என்றே விடை வந்தது. ஐயா, வெள்ளம் தங்கள் மேசைக்கு வருவதில்லை.

மூன்றாம் பொதி சரியாகவே கட்டப்பட்டிருந்தது. ஆயினும் கொற்றியார் அதைத் திறக்க மறுத்தார். அமைச்சர் பொறுமை இழந்து, ஆணை மீறியவரென்று அவரைப் பணிநீக்கி ஓலையே எழுதிவிட்டார். அது புறப்படுமுன் கொற்றியாரின் விடை வந்து சேர்ந்தது. பொதியைத் தொட்டதும், வெளியிட்டவர் யாரென அறியோம் என்று கணிப்பொறி எச்சரித்ததாகவும், முத்திரையில்லாத எதையும் பிரிக்கலாகாது என்பது அமைச்சரே இட்ட சட்டமாயிற்றே, தாம் என்செய்வது என்றும் பணிவோடு கேட்டிருந்தார். அந்தப் பணிவுதான் அதிகம் சுட்டது.

விசாரித்தால், அரச முத்திரையைத் தாங்கள் அரக்கு உருக்கி, பென்டிரைவ் வைத்த பேழையின்மேல் குத்தியிருக்கிறீர்கள்! பொதியினுள் மின்கையொப்பம் இடவேயில்லை. அரக்கைக் கணிப்பொறி படிக்குமா? அந்தப் பேழையை அழகென்று மெச்சி அனுப்பச் சொன்னவர் அமைச்சரே என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆறு பெருகப் பத்து நாளே உண்டு. மதகின்கீழ் நானூறு வீடுகள். ஆதலால் ஜாவாவை உள்ளடக்கி, விண்டோஸுக்கெனக் கட்டி, உள்ளேயே கையொப்பமிட்ட ஒற்றைப் பொதியோடு தாங்களே ஏழுகண் மதகுக்குச் செல்க. தங்கள் கணிப்பொறியைக் கொண்டுபோகலாகாது. கொற்றியார் இருமுறை சொடுக்கியதும் செயலி திறந்தது, ஏழு கதவும் ஏறி இறங்கின என்று அவர் கைப்பட எழுதித் தரும்வரை திரும்பலாகாது. அதற்குள் மழை வந்துவிட்டால், கதவுகளைக் கையால் சுற்றி ஏற்றுபவர் தாங்களே.

பணிநீக்க ஓலை அடுப்பில் இடப்பட்டது. கொற்றியாரிடம் அமைச்சர் பொறுத்தருளக் கேட்கும் ஓலை இதனுடன் வருகிறது. தாங்களே அவர் கையில் கொடுக்க. அவர் பிரிப்பாரோ மாட்டாரோ என்று அஞ்சி, அதில் உள்ளும் புறமும் முத்திரை இடப்பட்டுள்ளது. இது கோவேள் ஆணை.