பத்தாவது சொல்லுக்கு இரண்டு சாட்சி

அக்கா,

"நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம்." அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எழுதாமல் விட்டது இந்த ஒரு வரியைத்தான். எழுத அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. நீ என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

இன்று காலை ஷிப்ட் தொடங்கும் முன் சூப்பர்வைசர் என் கையில் ஆரஞ்சு நிறக் கைப்பட்டையைக் கொடுத்தார். எலாஸ்டிக் தளர்ந்த இடத்தில் நீ நீல நூலால் போட்ட தையல் அப்படியே இருந்தது. சர்க்யூட் போர்டு துடைக்கிற ஸ்பிரிட் வாடை அதில் ஊறிப்போயிருந்தது. நீ வேலை முடிந்து எங்கள் வீட்டு மாடிப்படி ஏறும்போது உனக்கு முன்னால் வந்து சேர்கிற வாடை.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து, வடக்குப்பட்டில் எங்கள் மாடி அறைக்கு நீ குடிவந்தபோது எனக்கு உன் வேலை என்னவென்றே சரியாகத் தெரியாது. நானும் அதே கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் புரிந்தது. லைனில் யாராவது கை தூக்கினால் நீ போய் அவள் இடத்தில் நிற்பாய். அவள் தண்ணீர் குடித்து, கழிப்பறைக்குப் போய்த் திரும்பும்வரை அவள் செய்த வேலையை அதே வேகத்தில் நீ செய்வாய். எல்லோருடைய வேலையும் உனக்குத் தெரியும். ஆரஞ்சுப் பட்டை கட்டிய உன்னை ரிலீவர் என்று கூப்பிடுவோம்.

நான் மூன்று வருடம் கம்பெனி பஸ்ஸில் யாரோடும் பேசாமல் வந்தவள். காதில் எப்போதும் போனிலிருந்து ஒரு ஒலித்தொடர் ஓடிக்கொண்டிருக்கும். "என்னளா, பஸ்ல ஏறுனா காதுல எதையோ திணிச்சுக்கிட்டு தனியாச் சிரிக்க?" என்று நீதான் கேட்டாய். ஒரு மலை ரயில் நிலையத்தில் நடக்கும் துப்பறியும் கதை, ஆங்கிலத்தில் வருகிறது, அதை ரசிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், இணையத்தில் ஒரு குழு வைத்து அரட்டை அடிக்கிறோம் என்று சொன்னேன். அம்மாவிடம்கூட நான் சொல்லாத விஷயம் அது.

கதையைப் பற்றிப் பேசி முடித்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் குழுவில் இன்னொரு விளையாட்டு நடக்கும். அந்த வாரக் கதையில் வந்த ஒரு பொருளை எடுத்து, உங்கள் ஊர் ஆங்கிலத்தில் இதற்கு என்ன பெயர் என்று கேட்பார்கள். காரின் பின்னால் பெட்டி வைக்கும் இடம் அமெரிக்காவில் ஒன்று, இங்கிலாந்தில் ஒன்று, நமக்கு டிக்கி. உள்ளங்கை அளவு ரொட்டி ஒன்றுக்கு இங்கிலாந்துக்காரர்கள் ஐந்து பேர் ஐந்து பெயர் சொல்லி மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டார்கள். கடைசியில் யார் வீட்டு ரொட்டி அழகு என்று படம் போட்டுச் சமாதானமானார்கள். அன்றைக்கு நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

ஸ்காட்லாந்தில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு அம்மாள் இந்தச் சொற்களுக்கெல்லாம் பட்டியல் வைத்திருக்கிறார். ஒரு சொல் பட்டியலில் ஏற வேண்டுமென்றால் ஒரே ஊரைச் சேர்ந்த இரண்டு பேர் "வீ சே", அதாவது நாங்கள் சொல்கிறோம் என்று எழுத வேண்டும். பத்துச் சொல் சேர்ந்தால் அந்த ஊருக்குத் தனிப் பத்தி கிடைக்கும். நம் பக்கத்திலிருந்து நான் ஒருத்திதான். நான் கொடுத்த சொற்களெல்லாம் இரண்டாவது ஆள் இல்லாமல் கிடந்தன.

"சாட்சிதானே வேணும்? நான் வாரேன்" என்று நீ கணக்குத் தொடங்கினாய். முகப்புப் படமாக ஆரஞ்சுப் பட்டை கட்டிய கையைப் போட்டாய். டிக்கி, ஸ்டெப்னி, மிக்ஸி, ஷிப்ட் நடுவே வெளியே போக வாங்கும் அவுட்பாஸ் என்று ஒவ்வொன்றுக்கும் கீழே "வீ சே" என்று எழுதுவாய். வேறொன்றும் எழுத மாட்டாய். ஒருமுறை நான் புத்தகத்தில் படித்த ஒரு சொல்லை நம் சொல் என்று கொண்டுபோனபோது போனைத் தள்ளிவைத்தாய். "இத எங்களா நாம சொல்லுதோம்? பொய்ச்சாட்சிக்கு என்னக் கூப்பிடாத." அந்தச் சொல்லை நான் எடுத்துவிட்டேன். நம் பட்டியலில் ஒன்பது சேர்ந்தன. ஒன்பதும் உண்மை.

பிறகு அந்த ஞாயிறு. கதையில் சிக்னல்காரர் பத்து நிமிடம் வெளியே போகிறார், அவர் இடத்தில் இன்னொருவர் நிற்கிறார். அப்படி நிற்பவருக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டார்கள். ஆளுக்கொரு சொல் வந்தது. நான் ரிலீவர் என்று எழுதினேன். நம் நாட்டுப் பெருநகரம் ஒன்றிலிருந்து எழுதும் ஒருவர் உடனே வந்தார். அது பிழையான ஆங்கிலம், தொழிற்சாலைகளில் படிக்காதவர்கள் பேசுவது, நீங்களா அப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். என் ஆங்கிலத்தைப் பார்த்து அங்கே எல்லோரும் என்னைக் கல்லூரி ஆசிரியை என்று நினைத்திருந்தார்கள். நான் ஒருநாளும் திருத்தியதில்லை. "நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம்" என்று எழுதிவிட்டு, சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

"என்ன எழுதுதான் அவன்?" என்றாய். கொஞ்சம் மெழுகித்தான் சொன்னேன். உனக்குப் புரிந்துவிட்டது.

"அவன் என்னைக்காச்சும் லைன்ல நின்னு ஒண்ணுக்க அடக்கிப் பாத்துருக்கானா? ரிலீவர் வரமாட்டாளான்னு கழுத்தத் திருப்பித் திருப்பிப் பாத்துருக்கானா?"

"வுடுக்கா. அந்த ஆளு கிட்ட இன்னாத்துக்கு வம்பு?"

"அவன விடுளா. நீ ஆமான்னுட்டியே."

என் போனைக் கவிழ்த்து வைத்தாய். "சரி, சவத்த விடு. சோறு ஆறுது, வா" என்று தட்டை எடுத்து வைத்தாய். நான் தலை குனிந்து சாப்பிட்டேன்.

அந்த வியாழக்கிழமை கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனாய். அங்கே காய்ச்சல், பிறகு மஞ்சள் காமாலை. பதினோராம் நாள் உன் தம்பி போன் செய்தான்.

குழுப் பக்கமே நான் போகவில்லை. ஒரு மாதம் கழித்து, உன் ஆரஞ்சுப் படத்தைப் பார்ப்பதற்காக மட்டும் திறந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, நாம் சாப்பிட்டு முடித்து நான் கீழே இறங்கிய பிறகு, நீ தனியாக ஒன்று எழுதியிருந்தாய். நீ எழுதியதிலேயே நீளமானது அது.

"வீ சே ரிலீவர். ஐ ரிலீவர். ஆஸ்க் மீ."

யாரும் உன்னைக் கேட்கவில்லை. திரும்ப எடுத்துக்கொண்டுவிட்ட சொல்லுக்கு யார் சாட்சி கேட்பார்கள்? அதற்குத் தேவைப்பட்ட இரண்டாவது ஆள் நான்தான்.

அப்போதே எழுதினேன். நான் ஆசிரியை இல்லை, ஒரகடத்தில் மொபைல் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மேலே சாட்சி சொல்லியிருப்பவர் எங்கள் லைனின் ரிலீவர். போன மாதம் இறந்துவிட்டார். வெட்கப்பட்டு எடுத்த சொல்லைத் திரும்ப வைக்கிறேன். நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம்.

மறுநாள் முதல் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தபோது பதில் வந்திருந்தது. அதே ஆள்தான். வருத்தம் தெரிவித்துவிட்டு, ஆனால் இரண்டு கணக்கும் ஒருவருடையதாக இருக்காது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருந்தார். துப்பறியும் கதை ரசிகர் இல்லையா?

ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ் அசையாமல் நின்றது. வெயில் கண்ணாடியில் அடித்தது. சுற்றிலும் பார்த்தேன். அந்த பஸ்ஸில் பாதிப் பேருடைய இடத்தில் நீ நின்றிருக்கிறாய். நான் எழுந்து நின்றேன், அக்கா. நானே.

"ஒரு நிமிஷம். நம்ம ரிலீவர் அக்காவ ஒருத்தர் இல்லவே இல்லன்றாரு."

"எவன் அவன்?" என்று பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

விஷயத்தைச் சொன்னேன். டிரைவர் அண்ணன் திரும்பிப் பார்த்தார். "ரிலீவர்னு சொல்லாம பின்ன இன்னான்னு சொல்வாங்களாம்? நான் லீவு போட்டா இந்த பஸ்ஸுக்கே ரிலீவர் டிரைவர்தானேம்மா வராரு?"

"எங்க கீது அந்த குரூப்பு? லிங்க்க அனுப்பு."

"ஏய், இங்கிலீஷ்ல எழுதணுமாடி?"

"ரெண்டே வார்த்தைதான். வீ சே."

"அந்தக்கா இல்லன்னா எனக்கு அன்னிக்கு லைன்லயே மானம் போயிருக்கும். இதையும் எழுதலாமா?"

"எழுதுடி. அவருக்கும் தெரியட்டும்."

பஸ் கூட்டுரோட்டைத் தாண்டுவதற்குள் குழுவில் "வீ சே" கொட்டத் தொடங்கியது. ஒருத்தி ரோஜாப்பூ போட்ட காலை வணக்கப் படத்தை அனுப்பினாள். ஒருத்தி, நீ பட்டை கட்டிக்கொண்டு கேன்டீன் வாசலில் இட்லிப் பொட்டலத்தோடு நிற்கும் படத்தைப் போட்டாள். உன் முகத்தை அந்த உலகம் பார்த்தது அப்போதுதான். ஸ்காட்லாந்து அம்மாள் எழுதினார்: "போதும், போதும்! நான் கேட்டது இரண்டு பேர். நீங்கள் ஒரு பஸ்ஸையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள்." பஸ் முழுக்கக் கைதட்டியது. என் கன்னம் நனைந்திருந்தது, நானும் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பெருநகரத்துக்காரர் சற்று நேரம் கழித்து வந்தார். "தவறு என்னுடையது. அவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று எழுதினார். ஆஸ்க் மீ என்று நீ எழுதியிருந்தாயே, அதற்கு முதல் ஆளாக அவர்தான் கேட்டார். வீடு வந்து சேரும்வரை எழுதினேன். எவ்வளவு எழுதியும் நீ அதில் முழுசாக அடங்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

இன்று லைனில் முதலில் கை தூக்கியவள் சேர்ந்து நான்கே நாளான ஒரு பெண். "ரிலீவர்!" என்று கூப்பிட்டாள். பட்டையைச் சரிசெய்துகொண்டு போய் அவள் இடத்தில் நின்றேன். உன் தையல் முழங்கைக்கு மேல் லேசாக உறுத்துகிறது. பிரித்துத் தைக்கப்போவதில்லை.

பஸ்ஸில் எல்லோரும் எழுதியதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையே பட்டியலில் ஒரகடம் என்று தனிப் பத்தி திறந்துவிட்டார்கள். அதில் பத்துச் சொற்கள் இருக்கின்றன. பத்தாவது சொல்லுக்கு நேரே முதல் சாட்சியாக உன் பெயரும், இரண்டாவதாக என் பெயரும் எழுதப்பட்டிருக்கின்றன.