கற்பிட்டி பஸ்ஸில் இரண்டு டிக்கட்

மச்சான்,

போன கிழமை புத்தளத்திலிருந்து வரும்போது கற்பிட்டி பஸ்ஸில் என் மானம் போயிற்று. பின்பக்கம் ஜன்னலோரம் இருந்துகொண்டு ஏதோ யோசனையில் காசை முன் சீட்டுப் பெண்ணின் தோளுக்கு மேலால் நீட்டி, "ரெண்டு டிக்கட்" என்றுவிட்டேன். அவர் திரும்பிக் காசைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எனக்கும் சேத்தா எடுக்கிறீங்க, அங்கிள்?" என்று கேட்டார். பஸ் முழுக்கச் சிரிப்பு. கண்டக்டர் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"நான்தானே உங்களிட்ட வாறன், ஏன் அவசரப்படுறீங்க? ரெண்டா? மற்ற ஆள் எங்க?"

ஒன்று போதும் என்று சொல்லியிருக்கலாம். என் வாய் எனக்கு எந்தக் காலத்தில் உதவியிருக்கிறது? "இருக்கிறார்" என்று சொன்னேன். அவர் என் பக்கத்து வெறும் இடத்தைப் பார்த்தார். சிரித்தவர்களும் பார்த்தார்கள். இரண்டு டிக்கட்டைக் கிழித்துத் தந்துவிட்டுப் போனார்.

பாலாவி தாண்டச் சனம் நெருக்கியடித்தது. மிதிபலகையிலும் ஆட்கள் தொங்கினார்கள். ஆனால் என் பக்கத்துச் சீட்டில் ஒருவரும் வந்து இருக்கவில்லை. மீன் பெட்டியோடு ஏறிய ஒரு மனிசன் மட்டும் குனிந்து பார்த்து, "ஆள் இருக்கோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். மன்னிப்புக் கேட்டது போலத் தலையசைத்துவிட்டு நின்றுகொண்டார்.

இந்தக் காசு நீட்டும் பழக்கம் எங்கே தொற்றியது என்று உனக்குத் தெரியும். சண்டை முடிந்து, நம் கரைச் சனம் வருத்தத்துக்கு மருந்து தேடிச் சென்னைக்குப் பிளேன் ஏறத் தொடங்கிய காலம். உன் தொண்டையில் கட்டி. துணைக்கு உன் மருமகனைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டாய். "இவன் எட்டாம் வகுப்பு வரைக்கும் போனவன், பஸ் போர்ட் வாசிப்பான்" என்று ஊருக்கெல்லாம் சொன்னாய். வாசித்தேன்தான். முதல் நாளே ஆஸ்பத்திரிக்கு நேர் எதிர்த்திசையில் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கதையைச் சொல்லி என் மகள் இன்றைக்கும் சிரிக்கிறாள்.

அங்கே கண்டக்டர் நம்மிடம் வரவில்லை. தன் சீட்டிலேயே இருந்தார். நாம் நம் ஊர்ப் பழக்கத்தில் காசைக் கையில் பிடித்தபடி, வருவார் வருவார் என்று காத்திருந்தோம். "டிக்கெட் எடுக்காதவங்க காசை பாஸ் பண்ணுங்கப்பா" என்று அவர் கத்தினார். பக்கத்தில் நின்ற ஒருவர் உன் விரலிடுக்கிலிருந்து காசை எடுத்து அடுத்தவரிடம் கொடுத்தார். அது கை கையாகப் போய் மறைந்தது. "காசு போயிட்டுது மச்சான்" என்றாய், சாவு வீட்டுக் குரலில். சற்று நேரத்தில் அதே கூட்டத்திலிருந்து யாரோ ஒருவரின் கை மட்டும் நீண்டு டிக்கட்டையும் மிச்சத்தையும் தந்தது. நீ அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாய்.

"ஆழத்துக்கு விட்ட தூண்டில் மாதிரியடா. கீழ ஆர் பிடிச்சு விடுறான் எண்டு தெரியாது."

அன்று முதல், காசு கை கையாகப் போய் வருவதைப் பார்க்கவென்றே, கண்டக்டருக்குத் தூரத்தில்தான் நிற்போம் என்று பிடிவாதம் பிடித்தாய்.

சிகிச்சை தொடங்கிய பிறகு பஸ்ஸில் சீட் கிடைத்து இருந்தவுடனே நித்திரையானாய். நம் வள்ளத்தில் இருந்த வழக்கம் அங்கேயும் வந்தது. கடலிலிருந்து திரும்பும்போது ஒருவன் எஞ்சினைப் பிடிப்பான், மற்றவன் படுப்பான். கரை தட்டினால் படுத்தவனைத் தொடமுன் "கரை வந்திட்டுது" என்று சொல்ல வேண்டும். அதில் நீ கண்டிப்பான ஆள். "சொல்லாம எழுப்பாத. பாதி ஆள் வந்திரும், பாதி அங்கயே நிண்டிடும்" என்பாய். நான் இதை வைத்து உன்னை எவ்வளவு பகிடி பண்ணியிருப்பேன்.

ஒரு பின்னேரம், நல்ல வெயில். பஸ் நிறுத்தத்தை நெருங்கிவிட்டது என்ற பதற்றத்தில் சொல்லாமல் உன் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். கை நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தேன். வியர்வைக்கு எஞ்சின் எண்ணெய் மணக்காது. நாம் கடலை விட்டு எத்தனையோ கிழமையாகியிருந்தது. நீ கண்ணைத் திறந்து என்னை யாரோ போலப் பார்த்தாய். இறங்கி நடந்து, லொட்ஜ் வாசலுக்கு வந்த பிறகுதான் உனக்கு முகம் வந்தது.

"இனி எங்க நித்திரையானாலும் சொல்லிப்போட்டு இறக்கு" என்றாய். அப்போது உன் குரல் காற்றாகத்தான் வந்தது. "என்னை இந்த ஊரில விட்டிட்டுப் போயிராத."

"உன்ன விட்டிட்டுப் போனா உன்ர மனிசி என்னக் கருவாடாக்கிப் போடுவாள்" என்றேன். சத்தமில்லாமல் சிரித்தாய்.

நீ அந்த ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடினாய். நித்திரையில்தான். உன் உடுப்பை எடுக்க லொட்ஜுக்குத் தனியாகப் பஸ் ஏறினேன். காசை நீட்டி "ஒண்டு" என்றேன். கை கையாகப் போயிற்று. திரும்பி வந்தது இரண்டு டிக்கட். நாள்தோறும் நம்மைக் கண்டு பழகிய கண்டக்டர்தான், பழக்கத்தில் கிழித்திருப்பார் என்று நினைத்தேன். இறங்கும்போது அவரிடம், "இண்டைக்கு நான் மட்டும்தான்" என்று மற்றதை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "ஏறும்போது ரெண்டு பேராத்தானே ஏறினீங்க?" என்றார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். நான் திரும்பவில்லை. பயம் என்றால் பயம்தான், உன்னிடம் என்ன வீரம் காட்டுவது?

உன்னைப் பெட்டியில் ஊருக்குக் கொண்டுவந்தோம். வேனிலிருந்து இறக்கும்போது முன்பக்கம் என் தோள்தான். கோயில் மணி அடித்தது, உன் மனிசி கதறினாள், ஃபாதர் செபம் சொன்னார். அத்தனை சத்தத்தில் உன்னைத் தூக்கி இறக்கிவிட்டார்கள். ஒருவரும் உனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய வழக்கம் இருக்கிறது என்று தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

அதற்குப் பிறகு பஸ் ஏறினால் என் பக்கத்து இடம் எப்போதும் கடைசியாகத்தான் நிரம்பும். என் மீன் மணத்துக்கு என்று மகள் சொல்கிறாள். இருக்கலாம்.

போன கிழமை அது நிரம்பவே இல்லை. நம் சந்தியில் மணியடித்து இறங்கினேன். கண்டக்டர் மறு மணி அடிக்கவில்லை. மணிக் கயிற்றைப் பிடித்தபடி என் சீட்டைப் பார்த்தார்.

"மற்றவர் இறங்கல்லயா?"

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. நான் கதவுக் கம்பியில் கையை வைத்துக்கொண்டு மணலில் நின்றேன். கம்பி நனைந்திருந்தது. பஸ் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் திறக்க வெட்கமாக இருந்தது. அதனால் மனதுக்குள்தான் சொன்னேன்.

மச்சான், கரை வந்திட்டுது. இறங்கு.