அக்கரை வரை மணல்

மே 24

காலையில் டிரஸ்ட்டிலிருந்து ரஞ்சனி போன். "சார், பன்னிரண்டு வயசுப் பொண்ணு ஒண்ணு. மனசுல ஏதோ ஆசை இருக்கு, எங்ககிட்ட சொல்ல மாட்டேங்குது. நீங்க வந்து பேசுங்களேன்." பெரிய நோயில் இருக்கும் பிள்ளைகளை அவர்கள் ஆசைப்படும் இடத்துக்கு, மலையோ தோப்போ ரயிலோ, கூட்டிப்போவதுதான் டிரஸ்ட்டின் வேலை. முப்பத்துநாலு வருஷம் வாத்தியாராக இருந்தவனிடம் பிள்ளைகள் பேசும் என்று ரஞ்சனிக்கு ஒரு நம்பிக்கை.

மே 26

இர்பானா. அவள் அத்தா தாஜுதீன் பாய்க்குச் சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் பாத்திரக் கடை. வலது முழங்காலுக்கு மேலே எலும்பில் புற்று. ஜூன் 25 ஆபரேஷன். அந்தக் காலை எடுத்துவிடப் போகிறார்கள். அவளுக்கும் தெரியும்.

"நீங்க கணக்கு சாராமே. வாய்ப்பாடெல்லாம் கேக்க மாட்டீங்களே?"

"மாட்டேன். என்ன வேணும்னு மட்டும் சொல்லு."

"ஆத்து மணல்ல நடக்கணும் சார். இந்தக் கரையிலேர்ந்து ஸ்ரீரங்கத்துக் கரை வரைக்கும். பஸ்ல பாலத்துல போறப்ப பாப்பேன். கீழே ஆளுங்க பாட்டுக்கு நடந்து போவாங்க."

டாக்டரிடம் கேட்டோம். மெதுவாக, ஆள் தாங்கிக்கொள்ள, நடுநடுவே உட்கார்ந்து போனால் போகலாம் என்றார்.

மே 27

யோசித்துக்கொண்டே இருந்தேன். காவேரியைக் காட்டுவது என்றால் காய்ந்து கிடக்கும்போதா ஒரு குழந்தைக்குக் காட்டுவது? முள்ளும் பிளாஸ்டிக்கும் எருமையும். ஜூன் 12 மேட்டூர் அணை திறந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் இங்கே வந்துவிடும். 18ஆம் தேதி முக்கொம்பில் ஒரு பரிசல் ஏற்பாடு செய்தால்? வீட்டுக்கு வந்தவர் தண்ணீர் கேட்டால் மோர் கொடுக்கிறோம். அதுபோலத்தானே இதுவும். ரஞ்சனிக்கும் பிடித்துவிட்டது. "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரி சார்" என்றார் பாய்.

இர்பானாவிடம் சொன்னேன். "அப்ப மணல்?" என்றாள்.

"தண்ணி வந்தா இன்னும் அழகா இருக்கும்மா."

"சரி சார்."

ஜூன் 12

மேட்டூர் திறந்தாயிற்று. டி.வி.யில் பூத் தூவுவதைக் காட்டினார்கள்.

ஜூன் 16

பாலத்தில் கூட்டம். செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோரும். நுரையும் குப்பையுமாக முதல் தண்ணீர் வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணல் திட்டு ஒவ்வொன்றாக மூழ்கியது. நானும் கைதட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் பாய் போன். நேற்றிலிருந்து காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். 18ஆம் தேதிப் பரிசல் இல்லை.

ஜூன் 21

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அம்மா ஜஹானாரா. "உங்க மேல கோவமில்ல சார். ஆனா தினம் கேட்டா. தண்ணி வர்றதுக்குள்ள ஒரு தடவை போய் நடந்துட்டு வந்துரலாமாம்மான்னு. சார் இவ்வளவு ஏற்பாடு பண்றாரு, வருத்தப்படுவாருன்னு நான்தான் அடக்கி வச்சேன். ரெண்டு காலு இருக்கறப்பவே நடக்கணும் சார் அவளுக்கு."

என்ன பண்ணிட்டேன் நான்? கிட்டத்தட்ட மூணு வாரம் மணல் சும்மா கிடந்ததே. வீட்டுல இருந்து நடந்தா பத்து நிமிஷம். அவ தெளிவாத்தானே சொன்னா. நான் என்ன, காது கேக்காதவனா?

பிள்ளை சரியாக எழுதிய விடையை அடித்துவிட்டு, பக்கத்தில் நான் ஒன்றை எழுதி அதற்கு நானே மார்க்கும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 23

காய்ச்சல் விட்டது. ஆபரேஷன் தேதியில் மாற்றம் இல்லை.

ஜூன் 25

ஐந்து மணி நேரம். நல்லபடியாக முடிந்தது என்கிறார்கள்.

ஆகஸ்ட் 24

முக்கொம்பு. பரிசலில் அவளும் பாயும் நானும். தண்ணீரில் கைவிட்டு அளைந்தாள், என் மேல் தெளித்தாள், சிரித்தாள். ரஞ்சனி கரையிலிருந்து போட்டோ எடுத்தபடி இருந்தாள். பாய் தூக்கி இறக்கும்போது இர்பானா என் பக்கம் குனிந்து, "உங்களுக்காகத்தான் சார் வந்தேன். சார் இப்பல்லாம் சரியா சாப்பிடறதில்லன்னு அத்தா சொன்னாரு" என்றாள்.

ஆகஸ்ட் 25

டிரஸ்ட்டின் படிவம். 'குழந்தையின் விருப்பம் நிறைவேறியதா?'

"போட்டோவே சொல்லுதே சார், ஆமான்னு போடுங்க" என்றாள் ரஞ்சனி.

இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு ஃபைலில் வைத்தாள்.

பிப்ரவரி 22

அணையை மூடி மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. மணல் வந்துவிட்டது. நேற்று பாய் போன் செய்தார். "வரணுங்கறா சார். உங்களையும் வரச் சொன்னா."

காலை ஏழு மணிக்கு ஓடத்துறைப் பக்கம் இறங்கினோம். ஊன்றுகோல் மணலில் இறங்கியது. பிடுங்கி எடுத்தாள். அடுத்தது இறங்கியது.

"வாம்மா, அத்தா தூக்கிக்கறேன்."

"தூக்கிட்டுப் போனா அது நடக்கறதாத்தா?"

பதினோரு அடி. எண்ணிவிட்டேன், பழக்கம். அதற்கு மேல் முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை.

"நீங்க போயிட்டு வாங்க சார். நான் பாக்கறேன்."

போனேன். நடுவில் வாய்க்கால் மாதிரி தண்ணீர், கணுக்கால் அளவு. அக்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. எனக்கு மூச்சு அடங்கும் வரை காத்திருந்தாள்.

"அன்னிக்கே வந்திருந்தா, என்னால முடிஞ்சிருக்குமா சார்?"

பாய் என்னைப் பார்த்தார். முடிந்திருக்காது என்று சொன்னால் போதும். அவளுக்கும் எளிது, எனக்கும் எளிது.

"முடிஞ்சிருக்கும்மா. உக்காந்து உக்காந்து போயிருந்தா, ஒரு மணி நேரத்துல போயிருப்பே."

"ஒரு மணி நேரம்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் நன்றாக ஏறிவிட்டது. கிளம்பலாம் என்று சொல்லப் பாய்க்கும் எனக்கும் வாய் வரவில்லை.