ஏழாவது திரை

ஜூன் 3
மகளின் எம்பிராய்டரி கம்ப்யூட்டர் இன்று எழுந்திருக்க இருபத்தேழு நிமிஷம். பதினான்கு வருஷத்து மெஷின், அதன் தலையில் இவ்வளவு கனமான சிஸ்டம். மூச்சு வாங்காதா? அதை எடுத்துவிட்டு லினக்ஸ் என்று ஒரு சின்ன சிஸ்டம் போட்டுத் தருகிறேன் என்றேன்.

“சட்டையில தைக்கிற கம்பெனிச் சின்னம், டிசைன் எல்லாம் அதுலதான் இருக்குப்பா. பாத்து.”

பார்க்காமலா? பயிற்சி நிலையத்தில் பியூனாக இருந்தபோது, டெக்னீஷியன் முதுகுக்குப் பின்னால் நின்று முப்பது மெஷினுக்கு அவர் சிஸ்டம் போடுவதைப் பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு நானே போட்டது பத்தொன்பது. ஒன்றுகூடச் சொதப்பியதில்லை.

ஜூன் 4
சிஸ்டம் இருக்கும் பென் டிரைவைச் செருகினால் ஒரு வரி வந்து நின்றுவிடுகிறது. மூன்று தடவை. எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்கு நடந்தேன்.

“புது வெர்ஷன் இந்த மாதிரி கிழட்டு மெஷினுக்கெல்லாம் ஏறாது பெரியவரே” என்று கடைக்காரர் வேறொன்று கொடுத்தார். மெஷினைத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொல்ல வேண்டுமா?

ஜூன் 5
எல்லாம் போச்சு.

ஜூன் 6
நடந்ததை இங்கேயாவது ஒழுங்காக எழுதுகிறேன். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. தமிழே பஸ் போர்டைப் பார்த்துப் பிடித்தது. திரைகளை இடம் வைத்துத்தான் தெரியும். முதல் திரையில் என்டர். நாலாவதில் கீழே வலது மூலை. ஏழாவதில் மூன்று வட்டம், நடுவட்டம். நடுவட்டம் என்றால் டிசைன் இருக்கும் பக்கத்தைத் தொடாமல் மற்ற பக்கத்தில் மட்டும் சிஸ்டம் ஏறும். பத்தொன்பது தடவையும் அப்படித்தான்.

இந்தப் பென் டிரைவில் வரிசையை மாற்றியிருக்கிறார்கள். யாரைக் கேட்டு மாற்றினார்கள்? நடுவில் இருந்தது மொத்தத்தையும் துடைப்பது. முப்பத்தெட்டு கம்பெனிச் சின்னம் போயே போச்சு. நர்சிங் ஹோமுக்கு அறுபது கோட்டு வியாழக்கிழமை கொடுக்க வேண்டும்.

மகள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மாப்பிள்ளைதான், “படிச்சுப் பாத்துட்டுத்தானே மாமா அமுக்கினீங்க?” என்றார்.

ஆமாம் என்றேன். எவ்வளவு துணிச்சல் எனக்கு!

ஜூன் 8
கடைக்காரர் தோண்டிப் பார்த்துக் கையை விரித்துவிட்டார்.

ஆனால் முப்பத்தெட்டும் என் தலையில் இருக்கிறது. எந்தக் கடை, என்ன நூல், ரொட்டிக் கடைச் சின்னத்தில் எத்தனை கதிர் என்று வரிசையாகச் சொன்னேன், மகள் எழுதிக்கொண்டாள். கதிர் ஒன்பது. அவள் ஏழு என்றாள். ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி ஒரு சட்டை இரவல் கேட்கிறேன், பார்த்து மறுபடி வரைவதற்கு.

“என்ன பெரியவரே, பழைய துணி வியாபாரத்துல எறங்கிட்டீங்களா?” என்றார் ரொட்டிக்கடைக்காரர். சட்டையைக் கொடுத்தார். கதிர் ஒன்பதுதான்.

ஜூன் 12
கோட்டு ஒரு நாள் தாமதம். முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள்.

மகளிடம் சொல்லிவிட்டேன். “எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதும்மா.”

நூலைக் கோத்துக்கொண்டே சொல்கிறாள்: “தெரியும்ப்பா. என் ரேங்க் கார்டைத் தலைகீழா புடிச்சுக்கிட்டு பரவால்லைன்னீங்களே.”

இருபத்தைந்து வருஷமாகத் தெரியுமாம்! தெரிந்தவள் அன்றைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கக் கூடாதா? நான்தான் விரட்டியிருப்பேன். அது வேறு விஷயம்.

ஜூன் 13
இன்று யாருடனும் பேசவில்லை. யாரும் கண்டுகொள்ளவும் இல்லை.

ஜூன் 21
முப்பத்தொரு சின்னம் வரைந்தாகிவிட்டது.

மாப்பிள்ளையின் பழைய லேப்டாப்புக்கும் சிஸ்டம் மாற்ற வேண்டுமாம். கடைக்காரரிடம் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். மகள் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். முதல் திரையிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். இடது ஓரத்தில் மொழிப் பட்டியல். கீழே இறங்கினால் — தமிழ்! இத்தனை வருஷமும் நான் கண்ணை மூடிக்கொண்டு என்டர் தட்டித் தாண்டிப்போன இடம்.

அதுவும் என்ன தமிழோ! ‘வட்டுப் பகிர்வு’, ‘நிறுவல் இலக்கு’. வட்டு என்றால் டிஸ்க்காம். யார் வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்? எழுத்துக் கூட்டித்தான் போனேன். மாப்பிள்ளை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இருக்கட்டும்.

ஏழாவது திரை. நடுவட்டத்துக்கு நேரே, “இந்த வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும்.” வாய்விட்டுப் படித்தேன். இன்னொரு தடவை படித்தேன். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

“ம்... அடுத்த வரி படிங்கப்பா” என்றாள்.